புளியில் இருக்கும் அமிலம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: புளி, எலுமிச்சை இரண்டிலும் ஒரே அமிலம்தானே சார்?
பதில்: இல்லை. எலுமிச்சையில் சிட்ரிக், புளியிலும் திராட்சையிலும் டார்டாரிக். பல பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறையும். புளியில் சர்க்கரை ஏறினாலும் டார்டாரிக் அமிலம் பெரிதாகக் குறைவதில்லை. திராட்சை மது பீப்பாயில் படியும் உப்பிலிருந்து 1769இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே பிரித்தெடுத்தது இந்த அமிலத்தைத்தான்.

கேள்வி: குத்துவிளக்கு புளி போட்டால் ஏன் பளபளக்கிறது?
பதில்: பித்தளையின் மேல் படிந்த ஆக்சைடை அமிலம் கரைக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் குழம்பு வைத்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளி கரைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: கொடம்புளி மாத்திரை சாப்பிட்டால் இளைக்குமா?
பதில்: அதிலிருப்பது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், வேறு சரக்கு. மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள். மீன் குழம்புக்கு என்றால் என்னைக் கேளுங்கள்.

கேள்வி: ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே, ஈயம் விஷமில்லையா?
பதில்: ஈயத்தில் இரண்டு உண்டு. வெள்ளீயம் டின், காரீயம்தான் நஞ்சு. சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்பில் வை என்பார்கள். விலை குறைக்கக் காரீயம் கலந்துவிட்டால், புளி அதையும் கரைத்து ரசத்தில் இறக்கும்.

கேள்வி: எங்கள் பாட்டி அந்தச் சொம்பு ரசம் குடித்தே தொண்ணூறு வயது இருந்தார்!
பதில்: பாட்டிக்கு வணக்கம். அவர் சொம்பு நல்ல வெள்ளீயமாக இருந்திருக்கும். உங்கள் சொம்பு அதே சொம்பா?

கேள்வி: காகிதத்தில் தேய்த்தால் கோடு விழாவிட்டால் சுத்தம் என்று கடைக்காரர் சொன்னாரே?
பதில்: காரீயம் நிறைய இருந்தால்தான் கோடு விழும். கொஞ்சமாகக் கலந்தது அந்தச் சோதனையில் தப்பிவிடும். எடையும் அப்படித்தான்: காரீயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்துக்கு 7.3, கால் பங்கு கலந்தால் கைக்கு எங்கே தெரியும்? சந்தேகம் என்றால் ஆய்வகத்தில் கொடுங்கள், இல்லையேல் எவர்சில்வருக்கு மாறுங்கள்.

கேள்வி: எவர்சில்வரில் அந்த மணம் வராதே!
பதில்: மணம் பெருங்காயத்திலும் மிளகிலும் இருக்கிறது அம்மா. சொம்புக்கும் பங்குண்டு என்று சத்தியம் செய்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. என் மனைவியும் அந்தக் கட்சிதான்.

கேள்வி: பித்தளை அண்டாவில் புளித்தண்ணீர் ஒரு ராத்திரி இருக்கலாமா?
பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அலுமினியத்தில்?
பதில்: வேண்டாம். மண்சட்டி, கண்ணாடி, பீங்கான் இருக்கிறதல்லவா?

கேள்வி: செம்பில் சார்?
பதில்: வெள்ளீயம் பூசியிருக்கிறதா?