கையில் சென்சார்: பதினான்கு நாளில் பார்க்க வேண்டியது எது?

சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருக்கும் வேலூர் வட்டார வாசகர்கள், பதினான்கு நாள் கையில் ஒட்டியிருந்து சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் குளுக்கோஸ் சென்சார் பற்றி அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

வயது 44. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1. மாத்திரை வேண்டாம், நடங்கள் என்றார் டாக்டர். மருந்துக்கடையிலோ சென்சார் போடச் சொல்கிறார்கள். அவசியமா? (வாசகர், காட்பாடி)

கட்டாயம் இல்லை. ஒருமுறை போட்டுப் பார்த்தால் பலன் உண்டு. வெறும் வயிற்றில் 100–125, எச்பிஏ1சி 5.7–6.4 என்றால் பிரீடயபடீஸ், அதாவது நோய்க்கு முந்தைய நிலை. அதை முடிவு செய்வது ரத்தப் பரிசோதனைதான், சென்சார் அல்ல. உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் எது உங்களுக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று காட்டுவதே சென்சாரின் வேலை.

நோயைத் தள்ளிப்போடுவது நடையும் உணவு மாற்றமும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டையும் கடைப்பிடித்தவர்களிடம் நோயாக மாறும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் யாரும் சென்சார் போட்டிருக்கவில்லை. பணம் இடிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து, விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரில் பார்த்தாலே நிறைய தெரிந்துவிடும்.

சென்சார் போட்டிருக்கிறேன். சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்தால் 170 வரை போகிறது. கேழ்வரகை நிறுத்திவிடவா? (வாசகி, குடியாத்தம்)

நிறுத்த வேண்டாம் அம்மா. கேழ்வரகிலும் நூறு கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்துதான். நைசாக அரைத்து, குழைய வேகவைத்து, கரைத்துக் குடித்தால் வயிற்றில் தங்காமல் இறங்கி வேகமாக ஏற்றும். எனவே உருவத்தை மாற்றிப் பாருங்கள்.

ஒரு நாள் 40 கிராம் மாவில் வழக்கம்போல் கூழ். மறுநாள் அதே 40 கிராம் மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்ட அடை, கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். மூன்றாம் நாள் மறுபடி கூழ், குடித்ததும் 15 நிமிட நடை. தினமும் அதே நேரத்தில், எழுந்ததிலிருந்து காபிகூடக் குடிக்காமல் ஆரம்பியுங்கள். ஆரம்ப எண், உச்ச எண், பழைய நிலைக்கு இறங்கிய நேரம் மூன்றையும் குறியுங்கள். தூக்கம் கெட்டாலும் முந்தைய இரவு அதிகம் சாப்பிட்டாலும் எண் மாறும். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறையாவது செய்து பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

140-ஐச் சற்று நேரம் தாண்டுவது நோயில்லாதவருக்கும் நடக்கும். பயப்படாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அங்கேயே நின்றால்தான் அந்தச் சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் ஏமாற்று வேலையும் உண்டு. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எண் நன்றாக இருக்கும், "பரவாயில்லையே" என்று தோன்றும். கொழுப்பு செரிமானத்தைத் தாமதமாக்குவதால் ஏற்றம் மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத்தான் வரும். முதலில் கறித்துண்டும் தயிர்ப் பச்சடியும், பிறகு சோறு என்று வரிசை மாற்றினால் உச்சம் குறைவதைப் பலர் பார்க்கலாம். ஆனால் சென்சார் காட்டும் சர்க்கரைக் கோடு தட்டையாக இருக்க வேண்டுமென்று சோற்றை விட்டு வறுவலும் பொரியலுமாகத் தின்பது நல்லதல்ல. எடையையும் கொழுப்பையும் சென்சார் பார்க்காது.

இரவு இரண்டு மணிக்கு 58 காட்டுகிறது. வியர்வையோ படபடப்போ இல்லை. எழுந்து சர்க்கரை சாப்பிடலாமா? (வாசகர், ஆற்காடு)

சென்சார் இருக்கும் கைமேல் படுத்திருப்பீர்கள். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள திசுநீரை. கை நசுங்கினால் அங்கே ஓட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்கும். புரண்டு படுத்தால் சற்று நேரத்தில் சரியாகும். சந்தேகம் தீரவில்லை என்றால் சோப்பு போட்டுக் கை கழுவி, துடைத்து, விரலில் குத்திப் பாருங்கள். மாம்பழம் பட்ட விரலில் எண் பொய்யாக ஏறும்! விரலிலும் 70-க்குக் கீழ் இருந்தால் சர்க்கரை சாப்பிட்டுவிட்டு, மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.

திசுநீர் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். முதல் 24 மணி நேர எண்களையும் அவ்வளவாக நம்ப வேண்டாம்.

கத்திரி வெயிலில் ஐந்தே நாளில் கழன்று விழுந்துவிட்டது. (வாசகி, சத்துவாச்சாரி)

பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். ஒட்டும் நாளில் தேங்காய் எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது. மேல்கையின் பின்புறத்தைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வியர்வை அடங்கிய பிறகு அழுத்தி ஒட்டுங்கள். மேலே மருத்துவ டேப் போடலாம். சென்சாரின் நடுவில் சிறு துளை இருந்தால் அதை மூடாதீர்கள். பிரிக்காத சென்சார் உறையை வண்டிப் பெட்டியில் வெயிலில் வைத்தாலும் சென்சார் கெடும்.

வைட்டமின் சி மாத்திரை போடுகிறேன், பாதிக்குமா? எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். (வாசகர், வாணியம்பாடி)

சில சென்சார்களில் நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி போனால் எண் பொய்யாக உயரும். உங்கள் பெட்டியில் உள்ள குறிப்பைப் பாருங்கள். அந்தக் குறிப்பில் அனுமதி இருந்தாலொழிய எம்ஆர்ஐ அறைக்குள் சென்சாரோடு போகாதீர்கள். கழற்றியதை மறுபடி ஒட்ட முடியாது, எனவே ஸ்கேன் முடிந்த பிறகு புதிதாகப் போடுங்கள்.