பூர்வகுடியினருக்கான பயிலுநர் இடங்களும் உங்களுக்கான வழியும்

அன்புள்ள தம்பிக்கு,

யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் வயறிங் வேலை செய்துவிட்டு ஒன்ராறியோ வந்திருக்கும் நீங்கள், மின்தொழிற் பயிலுநர் விளம்பரம் ஒன்றில் பூர்வகுடியினருக்கு முன்னுரிமை என்றிருந்ததைக் கண்டு, இதுவும் பல்கலைக்கழக அனுமதியில் நம் நாட்டில் வந்த தரப்படுத்தல் போன்றதுதானா, விண்ணப்பத்தில் பூர்வகுடியினருக்கான கட்டத்தில் நாமும் அடையாளமிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடையாளமிட வேண்டாம். கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் பூர்வகுடிகள் என ஏற்பது முதற்குடியினர், இனுவிட், மேட்டிஸ் ஆகிய மக்களை மட்டுமே.

தரப்படுத்தலோடு இதனை ஒப்பிடுவதும் சரியன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகக் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டியிருந்தது. இங்கோ தேர்ச்சிப் புள்ளி எவருக்கும் மாறுவதில்லை. கனடா முழுவதும் ஏற்கப்படும் தொழிற்தகுதிக்கான ரெட் சீல் பரீட்சையில் எல்லோரும் 70 சதவீதம் எடுக்கவேண்டும், மின்தொழிலுக்குரிய சுமார் 9,000 மணிநேரப் பயிற்சியையும் எல்லோரும் முடிக்கவேண்டும். முன்னுரிமை நுழைவிடத்தில்தான். பயிலுநராகப் பதிவதற்கு முதலில் ஒரு முதலாளி வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி விமானத்தில் மட்டுமே போகக்கூடிய வடபுலப் பூர்வகுடி ஊர்களில் அப்படிப்பட்ட முதலாளிகளைத் தேடிப் பிடிப்பது கடினம். உயர்நிலைப் பள்ளிக்கே தண்டர் பே போன்ற நகரத்துக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பவேண்டிய குடும்பங்கள் பல, அதுவும் அரசும் தேவாலயங்களும் நடத்திய வதிவிடப் பள்ளிகள் குழந்தைகளைப் பறித்துச் சென்ற நினைவு இன்னும் ஆறாத வீடுகளிலிருந்து.

என்னிடம் வேலை பழகிய, முதற்குடியினரில் ஒரு பிரிவான ஓஜிப்வே இளைஞர் ஒருவருக்கு அவருடைய சமூகத்தின் பயிற்சி நிதியம் பாதுகாப்புச் சப்பாத்து, கருவிப் பை, வகுப்புக் காலத்து வாடகை எல்லாம் கொடுத்தது. ஆனால் சாரதி உரிமம் எடுக்கும் வசதி அவருடைய ஊரில் இருக்கவில்லை. மின்கம்பி செல்லும் பைப்பை அளந்து வளைப்பதில் எங்கள் அணியிலேயே அவருக்கு நிகரில்லை. அப்படியிருந்தும், காலை ஏழு மணிக்கு பஸ் போகாத இடத்தில் தொடங்கும் வேலைக்கு வந்து சேருவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

வாய்ப்பு ஊர் தேடி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வட்டேனிகனேயாப் பவர் நல்ல சான்று. 24 முதற்குடிச் சமூகங்கள் 51 சதவீதம் உரிமை கொண்ட அந்த நிறுவனம், டீசல் மின்னாக்கியை நம்பியிருந்த 17 தொலைதூரச் சமூகங்களுக்காக ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் மின்பாதை அமைத்தது. அந்த வேலைகளுக்கென அவ்வூர்களின் இளைஞர்களுக்கே பயிற்சியும் ஒழுங்கு செய்யப்பட்டது.

உங்களுக்குரிய வழி, மாகாணத்தில் தொழிற்சான்றிதழ் வழங்கும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ நடத்தும் தொழில் நிகர்நிலை மதிப்பீடு, அதாவது வெளியே பெற்ற அனுபவம் இங்குள்ள பயிற்சிக்கு ஈடானதா என்று பார்ப்பது. முன்னைய முதலாளிகளிடம், செய்த வேலையும் மணிநேரமும் விவரமாக எழுதிய கடிதங்களை இப்போதே கேட்டு வாங்குங்கள். இந்நாட்டு மின்விதிகளை ஆரம்பத்திலிருந்து படியுங்கள், ஏனெனில் நம் பழைய வயறிங்கில் நியூற்றலாக இருந்த கறுப்புக் கம்பியில் இங்கே மின்சாரம் ஓடும். ஒன்ராறியோவில் ஒரு பயிலுநரை வைத்திருக்கச் சான்றிதழ் பெற்ற தொழிலாளர் ஒருவர் வேண்டும் என்பது விதி. ஆகவே நீங்கள் பரீட்சையில் தேறிவிட்டால், பூர்வகுடி இளைஞர்களைச் சேர்க்கும் அதே நிறுவனங்களுக்கு உங்களைப் போன்ற ஒருவரும் தேவைப்படுவார்.