புயல் அறிவிப்பில் ‘வாட்ச்’: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். என் மச்சான் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். கார்த்திகை, மார்கழியில் வானிலைத் துறையின் ஆங்கில அறிவிப்பு யாராவது ஒருவர் மூலம் வாட்ஸ்அப்பில் வந்தால், படித்துச் சொல்லும்படி என்னிடம்தான் கொடுப்பார். அதில் ‘சைக்ளோன் வாட்ச்’ என்று இருப்பதை என்னவென்று சொல்வது? சீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் பள்ளியில் ‘பார்’ என்றே படித்தேன். ‘புயலைப் பார்’ என்றால் மச்சான் சிரிக்கிறார். ‘அவுட்லுக்’ என்ற சொல்லும் வருகிறது. அது ஏதோ பொதுவான கருத்து என்று நினைத்து விட்டுவிடுகிறேன். சரிதானா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அவுட்லுக்கை விட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த ‘பார்’ தவறன்று, போதாது, அவ்வளவுதான். பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து போகும்போது ஜன்னல் வழியே கடல் தானாகக் கண்ணில் படுவது சீ. தெரிந்தவர் படகு நிற்கிறதா என்று அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவது லுக். ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி மேலே எழும்பி, கப்பல் கடந்து, அது மறுபடி இறங்கும்வரை கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்ப்பது வாட்ச். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை, அது முடியும்வரை கண்காணிப்பதே இதன் பொருள்.

ஆனால் இந்தப் பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்பாடு வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘தூங்காமல் இருப்பது’ என்ற பொருளில் வழங்கியது. விழித்தெழுதலைக் குறிக்கும் ‘வேக்’ என்ற சொல்லோடு உடன்பிறந்தது. கப்பலில் நான்கு மணி நேரக் காவல் முறைக்கு இன்றும் வாட்ச் என்றுதான் பெயர். கீழக்கரையில் கப்பல் வேலைக்குப் போய் வந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி, ‘லுக்-அவுட்’ என்னும் காவலைக் கண்ணால் மட்டுமின்றிக் காதாலும் செய்ய வேண்டும் என்கிறது. பார்வைச் சொல்லாகத் தோன்றுவது கடலில் காதையும் சேர்த்துக்கொள்கிறது. இராமேசுவரத்தில் சிவராத்திரிக்குக் கண் விழிப்பவர்கள் எதையோ பார்த்துக்கொண்டிருப்பதற்காக விழிப்பதில்லை. தூங்காதிருப்பதே அங்கே காரியம். வானிலை அறிவிப்பின் வாட்ச் அந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே மச்சானிடம் ‘புயலைப் பார்’ என்று சொல்ல வேண்டாம், ‘புயல் உருவாகலாம், விழிப்பாக இருங்கள்’ என்று சொல்லலாம்.

இனி அறிவிப்பின் வரிசை. இந்திய வானிலைத் துறை புயலுக்கு நான்கு கட்டங்களாகத் தகவல் தருகிறது. கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் வருவது ‘ப்ரீ-சைக்ளோன் வாட்ச்’. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் ‘அலர்ட்’. 24 மணி நேரத்துக்கு முன் ‘வார்னிங்’. கரையைக் கடப்பதற்கு ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு முன், கடந்த பிறகு புயல் எந்தத் திசையில் போகும், உள் மாவட்டங்களில் என்ன நேரும் என்று சொல்லும் ‘போஸ்ட் லேண்ட்ஃபால் அவுட்லுக்’. அலர்ட்டுக்கு மஞ்சள், வார்னிங்குக்கு ஆரஞ்சு, அவுட்லுக்குக்குச் சிவப்பு. கேட்பதற்கு எல்லாவற்றிலும் மென்மையான சொல்லுக்குத்தான் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த பருவமழை எப்படி இருக்கும் என்று சொல்லவும் அதே அவுட்லுக்கைப் பயன்படுத்துவதால் நீங்கள் அதைப் பொதுக் கருத்து என்று எண்ணியதில் வியப்பில்லை. பெயர் வைத்தவர்கள் அதிகாரிகளின் மேசையை மனத்தில் வைத்திருக்கிறார்கள், படகுத்துறையை அல்ல என்பது என் எண்ணம். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரைக்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். மழை அறிவிப்பில் அதே மஞ்சள் ‘வாட்ச்’ என்ற பெயரோடு வரும். அங்கே ஆரஞ்சுதான் அலர்ட், சிவப்பு வார்னிங். அகராதிக்காக இணையத்தைத் தேடினால் பெரும்பாலும் அமெரிக்க விளக்கம்தான் கிடைக்கும். அங்கே வாட்ச் என்றால் சூறாவளி வரக்கூடும், வார்னிங் என்றால் வருமென்று எதிர்பார்க்கப்படுகிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்களோ முற்றிலும் தனிக் கணக்கு. ஒன்றாம் எண் கூண்டு தொலைவிலுள்ள கடலைப் பற்றியது, அதை இந்த நான்கு கட்டங்களில் எதனோடும் பொருத்தக் கூடாது.

ஆகையால் சொல்லை மொழிபெயர்ப்பதைவிட மணிக்கணக்கைச் சொல்வதே நல்லது. மேலும், மீனவர்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் வெளியிடப்படுகிறது. எந்தக் கடற்பகுதியில், எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று அதில் நேராகவே இருக்கும். விசைப்படகுகள் கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் நிறுத்தப்படுவதும் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை ஒட்டியே. மச்சானுக்கு முதலில் அதைப் படித்துக் காட்டுங்கள். வாட்ச், அவுட்லுக் எல்லாம் அதற்குப் பிறகு.