ஒட்சிசன் எங்கிருந்து வருகிறது? – ஒரு கடிதம்

அண்ணா,

போன வாரம் தேயிலை இலை பற்றி எழுதியதில், இலை காபனீரொட்சைட்டை உள்ளே எடுத்து, காபனை வைத்துக்கொண்டு ஒட்சிசனை வெளியே விட்டுவிடுகிறது என்று சொல்லியிருந்தீர்கள். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ஒட்சிசன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்கிறார் எங்கள் டீச்சர். ஆனால் ஒளித்தொகுப்புச் சமன்பாட்டைப் பார்த்தால் நீங்கள் சொல்வதும் சரி போலத்தான் இருக்கிறது. அப்புறம், இலையின் கலங்களில் ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணிக்குள் காசு அடுக்கினது மாதிரி ஏன் இருக்கிறது? கீறிக் கீறிக் கை வலிக்கிறது.

– ஒரு தங்கை, பதுளை

அன்புத் தங்கச்சிக்கு,

டீச்சர் சொன்னதுதான் சரி, நான் எழுதியது பிழை. சாதாரணதரத்தில் மண்டையில் ஏறியதை இத்தனை வருடம் கழித்தும் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன்.

என்னை ஏமாற்றியதும் அந்தச் சமன்பாடுதான். 6 காபனீரொட்சைட்டு, 6 நீர், அதிலிருந்து ஒரு குளுக்கோசும் 6 ஒட்சிசன் மூலக்கூறும் என்று போட்டிருப்பார்கள். 6 மூலக்கூறு என்றால் 12 அணு. 6 நீரில் இருப்பதோ 6 ஒட்சிசன் அணு. மிச்சம் காபனீரொட்சைட்டிலிருந்து வந்திருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? உண்மையில் உள்ளே போவது 12 நீர், மறுபக்கம் 6 நீர் புதிதாக உண்டாகிறது, இரண்டையும் கழித்துவிட்டு 6 என்று எழுதுகிறார்கள். கணக்குக்கு அது சரி, விளங்கிக்கொள்ளத்தான் இடைஞ்சல். காபனீரொட்சைட்டின் ஒட்சிசன் பாதி குளுக்கோசிலும் பாதி அந்தப் புதுத் தண்ணீரிலும் போய்ச் சேர்கிறது.

1941இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகளும் கூட்டாளிகளும் ஒட்சிசன்-18 என்ற கனமான ஒட்சிசன் கலந்த தண்ணீரில் குளோரெல்லா பாசியை வைத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த வாயுவிலும் கனமான ஒட்சிசன் தண்ணீரில் இருந்த விகிதத்திலேயே இருந்தது, அதாவது அது தண்ணீரிலிருந்துதான் வந்திருக்கிறது.

இனி உங்கள் காசு அடுக்கு. ஒவ்வொரு காசும் தைலக்கொயிட்டு என்ற தட்டையான பை, அதன் மென்சவ்வில் பச்சையம் பதிந்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் பச்சையத்திலிருந்து இலத்திரன் கிளம்பிவிடும், அந்த இடத்தை நிரப்பத்தான் தண்ணீர் உடைபடுகிறது. ஒட்சிசன் தன் வழியில் போய்விட, ஐதரசன் அயன்கள், தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்து ஆட்கள் மாதிரி பைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. வெளியேற அவற்றுக்கு இருக்கும் வாசல் ஒரு நொதியம். அதன் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அது சுழல்கிறது, ஏ.ரி.பி என்ற சக்தி மூலக்கூறு உண்டாகிறது. காபனீரொட்சைட்டு இந்தப் பைகளுக்குள் சீனியாவதில்லை. பைகளுக்கு வெளியே, அவற்றைச் சூழ்ந்திருக்கும் பஞ்சணை என்ற திரவத்தில், இங்கே உண்டான சக்தியைக் கொண்டு சீனியாகிறது. கல்வின் வட்டம் என்று நீங்கள் பாடமாக்குவது அதைத்தான்.

பைகளை அடுக்கினால் சின்ன இடத்தில் நிறைய மென்சவ்வு கிடைக்கும், வெளிச்சத்தைப் பிடிக்க வசதி. பச்சையவுருமணி ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றர் நீளம் என்பதால், பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பச்சைப் பொட்டாகத் தெரியுமே தவிர அடுக்கு தெரியாது. ஆனால் மலையில் அதன் விளைவைப் பார்க்கலாம். தேயிலைக்கு நிழல் தர நட்டிருக்கும் சவுக்கு மரத்தடியில் நிற்கும் தேயிலைச் செடியின் முற்றிய இலையையும் வெட்டவெளிச் செடியின் முற்றிய இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிழல் இலை நல்ல கரும்பச்சையாக இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது, அடுக்குகளும் உயர்கின்றன. மழைக்காலத்துக்கு முன்னால் சவுக்கு வாது வெட்டச் சொல்வதற்கு, ஈரத்தில் தேயிலை இலையில் பூஞ்சணத்தால் வரும் கொப்புள நோய் ஒரு காரணம் என்றால், மப்பு மூடிக் கிடக்கும் மாதங்களில் இருக்கிற கொஞ்ச வெளிச்சமாவது செடியில் படட்டும் என்பது இன்னொன்று.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன், டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். படத்தில் பத்து அடுக்கெல்லாம் கீற வேண்டாம், மூன்று போதும். ஆனால் ஒரு அடுக்கை இன்னொன்றோடு இணைக்கும் மென்சவ்வை விட்டுவிடாதீர்கள், புள்ளி வெட்டுவது அங்கேதான்.