பாட்டில் பெரிசு, கொள்வது கொஞ்சம்: வாங்குவோர் கேள்வி-பதில்

ஆண்டு இறுதி விடுமுறை நெருங்கினால் ஒரே மாதிரிக் கடிதங்களாக வரும். வீட்டிலேயே ஏதாவது தின்பதற்குச் செய்து, அழகாகக் கட்டி, நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். புலம்பலில் கை வைக்கவில்லை.

கேள்வி: அலுவலகத்தில் 20 பேர். எல்லோருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். கையில் காசு குறைவு. சமையலும் சுமார்தான். என்ன செய்யலாம்?

பதில்: இருபது பேருக்கும் ஒரே பொருளைச் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு தினுசு என்று இறங்கினால், அரை டப்பா அரை டப்பாவாக மிஞ்சும் சாமான்தான் உங்கள் பணத்தை விழுங்கும்.

அடுப்பே வேண்டாத ஒன்று சொல்கிறேன்: சூடாகக் குடிக்கிற சாக்லேட் பானத்துக்கான பொடி. எடைக் கணக்கில் பால் பவுடர் 2 பங்கு, சர்க்கரை 1 பங்கு, கோகோ 1 பங்கு, ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு தடவை சலித்துவிட்டால் கட்டி தட்டாது. ஆளுக்கு 150 கிராம் என்றால் மொத்தம் 3 கிலோ வேண்டும். பால் பவுடர் 1.5 கிலோ, மற்ற இரண்டும் தலா 750 கிராம். கோப்பைக்கு 25 கிராம் போட்டால் ஒவ்வொருவருக்கும் ஆறு கோப்பை வரும்.

ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள். கோகோ டப்பாவுக்குப் பக்கத்திலேயே 'டிரிங்கிங் சாக்லேட்' டப்பாவும் நிற்கும். அதில் பெரும்பாலும் சர்க்கரைதான். அதை வாங்கி அதோடு இன்னொரு பங்கு சர்க்கரையும் சேர்த்தால், குடிப்பவர் உங்களிடம் நேரில் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கேள்வி: கையால் செய்த பரிசைக் கொடுத்தால் கஞ்சம் என்று நினைப்பார்களோ?

பதில்: நினைப்பவர் பெயரை அடுத்த ஆண்டுப் பட்டியலில் அடித்துவிடுங்கள். செலவு இன்னும் குறையும்.

கேள்வி: அக்கா, பிஸ்கட் போட்டுக் கொடுக்கலாம் என்று இணையத்தில் 24 கண்ணாடி பாட்டில்கள் வாங்கினேன். படத்தில் ஒரு பாட்டிலுக்குள் நாலு பிஸ்கட் முழுசாக நின்றது. வந்ததோ உள்ளங்கைக்குள் அடங்குகிறது, ஒரு பிஸ்கட்கூட வாய் வழியாக நுழையவில்லை. கேட்டால், "60 மி.லி. என்று விவரத்தில் போட்டிருக்கிறோம், நீங்கள்தான் பார்க்கவில்லை" என்கிறார்கள். என் தப்பா?

பதில்: இல்லை. எழுத்தில் 60 மி.லி. என்று போட்டுவிட்டுப் படத்தில் அதற்குப் பொருந்தாத பாட்டிலைக் காட்டினால் அது ஏமாற்று வேலைதான். அந்தப் பக்கத்தை இப்போதே படம்பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு பிஸ்கட்டைப் பாட்டில் வாயில் வைத்து, அதையும் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்து விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் மசியாவிட்டால் விற்பனைத் தளத்துக்கு எழுதுங்கள். அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் ஆட்சேபம் எழுப்பலாம். தொலைபேசியில் கத்த வேண்டாம். கத்தியதற்குச் சாட்சி இருக்காது.

பாட்டில் என்று வந்துவிட்டதால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அவசரமாக இருப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வீட்டில் செய்யும் பரிசில் மாவும் சர்க்கரையும் பெரிதாகச் செலவு வைப்பதில்லை. பணம் பாட்டிலிலும் ரிப்பனிலும் பெட்டியிலும்தான் போகிறது. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்த முறை கடைக்குப் போனால் அழகான பாட்டில் ஒன்றைத் தூக்கி, அடியை விரலால் தடவிப் பாருங்கள். நடு விரல் உள்ளே குழிவாகப் போகும். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு விரற்கடை தடிமனுக்கு வெறும் கண்ணாடி. கையில் கனமாக இருக்கும், 'தரமான சாமான்' என்று மனசு சொல்லும். அந்தக் கனம் முழுக்கக் கண்ணாடியின் கனம். உள்ளே பிடிப்பது வெளியே தெரிவதில் பாதிதான் இருக்கும்.

இன்னொரு குழப்பம் மில்லி லிட்டரும் கிராமும். 250 மி.லி. பாட்டிலில் தேன் ஊற்றினால் 350 கிராம் வரை பிடிக்கும். அதே பாட்டிலில் வறுத்த ஓட்ஸ் கலவை போட்டால் 100 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். '250' என்ற எண்ணைப் பார்த்துக் கால் கிலோ பிடிக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! நானும் அப்படி வாங்கியவள்தான்.

சந்தேகமாக இருந்தால் வீட்டுத் தராசு போதும். காலிப் பாட்டிலை அதன்மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மி.லி. ஒரு மாதிரி பாட்டில் வாங்கி இதைச் செய்த பிறகுதான் 24 வாங்க வேண்டும்.

இவ்வளவு பேசுகிறவள் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆறு பட்டை வைத்த பாட்டில் 36 வாங்கினேன். பாட்டில் ஒரு இடத்துச் சரக்கு, மூடி வேறு இடத்துச் சரக்கு போலிருக்கிறது. திருகினால் அரைச் சுற்றில் நின்றுவிடும், இல்லையென்றால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்பும் கெடு 10 நாள். நான் பெட்டியைப் பிரித்தது ஒரு மாதம் கழித்து. இப்போது அவற்றில் பொத்தான், ஊசி, பழைய சாவி எல்லாம் இருக்கின்றன.

உங்கள் 60 மி.லி. பாட்டிலுக்கு வருவோம். பணம் திரும்பி வராவிட்டால் அதில் பட்டைத்தூள் கலந்த சர்க்கரை போடுங்கள். சர்க்கரை 4 பங்குக்குப் பட்டைத்தூள் 1 பங்கு. ரொட்டியில் வெண்ணெய் தடவி மேலே தூவிக்கொள்ள அந்த அளவே தாராளம்.

கேள்வி: ஆலிவ் எண்ணெயில் பச்சைப் பூண்டும் மூலிகை இலையும் போட்டு, கார்க் வைத்த பாட்டிலில் அடைத்துக் கொடுக்கப் போகிறேன். ஒரு மாதம் ஊறினால் மணம் நன்றாக ஏறும்தானே?

பதில்: கொடுக்காதீர்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது. அதில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கும் பச்சைப் பூண்டு அப்படிப்பட்ட இடம்தான். அந்த விஷம் நரம்பைத் தாக்கும், உயிரையே எடுக்கும். வாடையிலோ நிறத்திலோ தெரிந்துகொள்ள முடியாமலும் போகலாம். கொதிக்க வைத்துவிட்டேனே என்று சொல்லாதீர்கள். 100 டிகிரி கொதியில் வித்துகள் சாவதில்லை, 121 டிகிரி அழுத்தக் கொதி வேண்டும். அது உங்கள் பாட்டிலுக்கும் கார்க்குக்கும் ஆகிற காரியமில்லை.

மூலிகையை நன்றாகக் காயவைத்து உப்போடு பொடித்துக் கொடுங்கள். பாட்டில் அழகு கெடாது.

கேள்வி: பரிசு கொடுக்க என்று ஒரு கிலோ வால்நட் பருப்பு வாங்கினேன், முதல் தரம் என்றார்கள். வீட்டில் பிரித்தால் பழைய பெயின்ட் வாடை. கடைக்காரர், "பிரித்த பாக்கெட்டைத் திருப்பி எடுப்பதில்லை" என்று கையை விரித்துவிட்டார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவள் நான்.

பதில்: அம்மா, பாக்கெட்டைப் பிரிக்காமல் உள்ளே கெட்டிருக்கிறதா என்று பார்க்க யாருக்கு நெற்றிக்கண் இருக்கிறது? பிரித்த பாக்கெட் வேண்டாம் என்ற விதி, மனம் மாறித் திருப்பித் தருகிறவர்களுக்கு வைத்தது. கெட்ட சரக்கை விற்றுவிட்டு அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. பாக்கெட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். முடிந்தால் கூட்டமான நேரத்தில் போய், "நீங்களே ஒன்றை மென்று பாருங்கள்" என்று கடைக்காரரிடமே நீட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். தேதி, எடை, விலை, பாக்கெட்டில் அச்சிட்ட தொகுதி எண் இவ்வளவும் அதில் இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வால்நட்டில் கொழுப்பு அதிகம். வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்கடியில் பளபளவென்று அடுக்கியிருப்பதை வாங்காதீர்கள். முதலில் 100 கிராம் வாங்கி மென்று பாருங்கள். வாங்கியதை உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

கேள்வி: பழைய பொருட்கள் விற்கும் கடையில் பூப்போட்ட பீங்கான் ஜாடிகள் கிடைத்தன. அடியில் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று இருக்கிறது. ஜாம் போடலாமா?

பதில்: எழுதியிருப்பதை நீங்களே படித்துவிட்டு என்னிடமும் கேட்கிறீர்கள். பூச்சில் ஈயம் இருக்கலாம். புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். பேனா போட்டு வையுங்கள்.

கேள்வி: செலவைக் குறைக்கலாம் என்று இந்த ஆண்டு முழுக்க வீட்டிலேயே செய்யப் போகிறேன். அதற்காகப் பழம் உலர்த்தும் கருவி, காற்றை உறிஞ்சி பாக்கெட்டை ஒட்டும் கருவி, 48 வகை பிஸ்கட் அச்சு, மூன்று தட்டு குளிர்விக்கும் கம்பித்தாங்கி வாங்கிவிட்டேன். பட்ஜெட் போய்விட்டது. இனி எப்படிச் சமாளிப்பது?

பதில்: எத்தனை பேருக்குப் பரிசு என்று பார்த்தேன். கடிதத்தின் கடைசியில் ஏழு என்று இருக்கிறது. ஏழு பேருக்கு 48 அச்சு!

உலர்த்தும் கருவியை நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். ஆப்பிளை வட்ட வட்டமாக நறுக்கி அடுக்கினால், எட்டு மணி நேரம் விமானம் கிளம்புகிற மாதிரி உறுமிவிட்டு ஒரு கைப்பிடி கொடுக்கும். இரண்டு தடவை ஓட்டினேன். இப்போது அதன்மேல்தான் செய்தித்தாள் அடுக்குகிறேன். அடுப்பு வைத்திருப்பவர்கள் அதையே குறைந்த சூட்டில், கதவை லேசாகத் திறந்து வைத்து ஓட்டினால் அதே வேலை நடக்கும்.

பிரிக்காத பெட்டிகளை இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். அச்சில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் வாயே வட்ட அச்சுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சாக்லேட் கட்டியை உருக்கி, உலர்பழத்தைத் தூவி, தட்டில் ஊற்றி உடைத்தேன். மறுநாள் மேலே வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூசணம் என்று கணவர் குப்பையில் போடச் சொல்கிறார்.

பதில்: போடாதீர்கள். மறுநாளே சாக்லேட்டில் பூசணம் வராது. உருகிய கோகோ வெண்ணெய் ஒழுங்காக உறையாமல் மேலே மிதந்து வந்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் ஈரம் பட்டுச் சர்க்கரை மேலே வந்தும் இருக்கலாம். இரண்டையும் சாப்பிடலாம். பார்க்கத்தான் சகிக்காது. அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைத் துருவித் தனியே வையுங்கள். மீதியை 45 டிகிரிக்கு உருக்கி இறக்கி, துருவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். கறுப்பு சாக்லேட் என்றால் 31, 32 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள். பளபளப்பாக உறையும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும்.

வாங்கும்போது பொருள் பட்டியலையும் பாருங்கள். கோகோ வெண்ணெய் இருக்கிற இடத்தில் 'தாவரக் கொழுப்பு' இருந்தால் அது காம்பவுண்ட். அதற்கு இந்த டிகிரிக் கணக்கு வேண்டாம், வேலை சுலபம். ஆனால் சாக்லேட் விலை கொடுத்து அதை வாங்கியிருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: ஜாம் பாட்டில்களை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாமா?

பதில்: பல விமான நிலையங்களில் 100 மி.லி.க்கு மேல் விடமாட்டார்கள். ஜாமும் தேனும் அவர்கள் கணக்கில் திரவம்தான். சட்டையில் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். என்னுடைய மூன்று பாட்டில்கள் ஒரு சோதனைச் சாவடித் தொட்டியில் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தேனில் செய்த எதையும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். பருப்பு, பால், கோதுமை இருந்தால் அதையும், செய்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: உடம்புக்கு நல்லது என்று ஸ்ட்ராபெரி ஜாமில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, ஆறு பாட்டில் போட்டு அலமாரியில் வைத்தேன். மூன்று வாரத்தில் இரண்டு பாட்டிலில் மேலே பச்சையாகப் பூத்துவிட்டது. பாட்டில் சரியில்லை என்று கடையில் சண்டை போடலாமா?

பதில்: பாட்டிலின் மேல் பழி வேண்டாம். ஜாமைக் காப்பாற்றுவது சர்க்கரை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிக்கு விடாமல் தடுக்கிறது. வழக்கமான ஜாமில் கரைந்த சர்க்கரை மட்டுமே கிட்டத்தட்ட 60, 65 சதவீதம் இருக்கும். பாதியாக்கினால் அது இனிப்பான பழக்கூழ்தான், அலமாரியில் நிற்காது. குறைத்துத்தான் செய்வேன் என்றால் குறைந்த சர்க்கரைக்கென்று விற்கும் பெக்டின் (ஜாமை இறுக வைக்கும் பொருள்) வாங்கி, அதில் சொன்ன அளவில் செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.

மேலே பூத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஆறையும் கொட்டுங்கள். பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளலாம், மூடி மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.