வாசகர் கேள்வி – பதில்: ஆப்ஜெக்ட் ஒன்று, பெயர் இரண்டு

கேள்வி: கிளாஸ் என்பது வீட்டின் வரைபடம், ஆப்ஜெக்ட் என்பது அதைப் பார்த்துக் கட்டிய வீடு என்று பாடத்தில் சொன்னார்கள், அதுவரை புரிந்தது. ஜாவாவில் ‘மாணவர்’ என்ற கிளாஸிலிருந்து ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதை இன்னொரு மாறிக்குச் சமமாக்கிவிட்டு, இரண்டாவதில் பெயரை மாற்றினேன். முதலாவதிலும் பெயர் மாறிவிட்டது. நகல் எடுத்ததாகத்தானே நினைத்தேன்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: நீங்கள் நகல் எடுத்தது வீட்டை அல்ல, வீட்டு முகவரி எழுதிய சீட்டை. வரைபட உவமையில் தவறில்லை. அது பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே என் குறை. கட்டிய வீட்டை நாம் கையில் வைத்திருப்பதில்லை, அதன் முகவரியைத்தான் வைத்திருக்கிறோம் என்பதை அந்த உவமை சொல்வதில்லை.

‘நியூ’ என்ற சொல் இயங்கும்போது நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். முதலில் நினைவகத்தின் ஹீப் பகுதியில் ஆப்ஜெக்டுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. அதிலுள்ள எண் புலங்களில் 0, மற்ற ஆப்ஜெக்டுகளைச் சுட்டும் புலங்களில் ‘நல்’ (எதையும் சுட்டவில்லை என்ற குறி) என்று தொடக்க மதிப்புகள் நிரம்புகின்றன. அதன் பிறகே கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்டைத் தயார்செய்வதற்கென்று கிளாஸில் எழுதிய பகுதி, ஓடி, நீங்கள் கொடுத்த பெயரையும் வயதையும் உரிய இடங்களில் வைக்கிறது. இவ்வளவும் முடிந்த பின் ‘நியூ’ உங்களிடம் திருப்பித் தருவது ஆப்ஜெக்டை அல்ல, அது இருக்கும் இடத்தைச் சுட்டும் ரெஃபரன்ஸை. மாறியில் போய் உட்காருவது அந்த ரெஃபரன்ஸ்தான். ஆகவே ஒரு மாறியை இன்னொன்றுக்குச் சமமாக்கும்போது முகவரிச் சீட்டு இரண்டாகிறதே தவிர, வீடு ஒன்றாகவே இருக்கிறது. உங்கள் நிரலில் ‘நியூ மாணவர்’ என்பது எத்தனை முறை இயங்கியது என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறைதான் என்றால் மாணவரும் ஒருவர்தான்.

உண்மையான நகல் வேண்டுமானால், மறுபடியும் ‘நியூ’ எழுதி, பழைய ஆப்ஜெக்டின் மதிப்புகளைப் புதியதற்குக் கொடுக்க வேண்டும். அங்கும் ஒரு கண்ணி உண்டு. மாணவருக்குள் மதிப்பெண் பட்டியல் ஒன்று இருந்து, அதன் ரெஃபரன்ஸை மட்டும் நீங்கள் நகலெடுத்திருந்தால், மாணவர் இருவர் ஆகியும் மதிப்பெண் பட்டியல் பொதுவாகவே இருக்கும். ஒருவருக்குக் கணக்கில் 90 சேர்த்தால் மற்றவருக்கும் அது சேர்ந்துவிடும். பட்டியலையும் புதிதாக உருவாக்கி, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக அதில் இட்டால்தான் இருவரும் பிரிவார்கள்.

சி பிளஸ் பிளஸ் முதலில் படித்துவிட்டு ஜாவாவுக்கு வருபவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. அந்த மொழியில் ஆப்ஜெக்ட் மாறி ஒன்றை இன்னொன்றுக்குச் சமமாக்கினால், இயல்பாகவே உறுப்புகள் எல்லாம் நகலாகிவிடும். பைத்தான் இந்த விஷயத்தில் ஜாவாவின் பக்கம். ஆனால் அதில் ‘நியூ’ எழுதுவதில்லை, கிளாஸின் பெயரை அடைப்புக்குறியோடு அழைத்தாலே ஆப்ஜெக்ட் பிறந்துவிடும்.

கேள்வி: ஜாவாவில் இரண்டு ‘இன்டிஜர்’ மாறிகளில் 127 என்று எழுதி, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் உண்மை என்கிறது. 128 என்று எழுதினால் பொய் என்கிறது. கணினிக்கே கணக்கு மறந்துவிட்டதா? (வாசகர், சேலம்)

பதில்: கணக்கு மறக்கவில்லை, அது ஒப்பிட்டது எண்களை அல்ல, முகவரிகளை. ‘இன்டிஜர்’ என்பது எண்ணைச் சுமக்கும் ஆப்ஜெக்ட். அடிக்கடி பயன்படும் −128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா ஆப்ஜெக்டுகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதே ஆப்ஜெக்டைத் தருகிறது. 128 அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால், இயல்பான அமைப்பில் ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்ட் உருவாகிறது. இரு முகவரிகளும் வேறாகிவிடுகின்றன. மதிப்பை ஒப்பிட ‘ஈக்வல்ஸ்’ மெத்தடைப் பயன்படுத்துங்கள். சிறிய எண்களை வைத்தே சோதித்துப் பார்த்துவிட்டு, நிரல் சரி என்று நிம்மதியாகத் தூங்குபவர்களை எழுப்புவதற்கென்றே இந்த 128 காத்திருக்கிறது.

கேள்வி: உருவாக்கிய ஆப்ஜெக்டை அழிப்பது யார்? (வாசகர், மதுரை)

பதில்: சி பிளஸ் பிளஸில் ‘நியூ’ போட்டு உருவாக்கியதை ‘டிலீட்’ போட்டு நீக்குவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. ஜாவாவில், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் எந்த ரெஃபரன்ஸின் வழியாகவும் சென்றடைய முடியாத ஆப்ஜெக்டுகளைக் கார்பேஜ் கலெக்டர் தன் நேரத்தில் அகற்றும். உங்களுக்குத் தேவையில்லாமல் போனாலும், ஏதோ ஒரு ஸ்டாட்டிக் (ஆப்ஜெக்டோடு அல்லாமல் கிளாஸோடு சேர்ந்து நிலைத்திருக்கும்) பட்டியலில் ரெஃபரன்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அது தொடாது.

கேள்வி: ‘நியூ’ என்ற இந்த வழக்கம் ஜாவாவில்தான் தொடங்கியதா? (அதே வாசகர்)

பதில்: இல்லை. ஜாவா வெளிவந்தது 1995-இல். நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே கிளாஸ், ஆப்ஜெக்ட், ‘நியூ’ மூன்றும் இருந்தன. வரிசையில் நிற்பவர்கள், வந்து போகும் வாகனங்கள் போன்றவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கு, ஒரே வகையைச் சேர்ந்த பலவற்றைத் தனித்தனி நிலையோடு உருவாக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்துதான் இந்த அமைப்பு வந்தது. இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, சில வார இடைவெளியில், இருவரும் காலமானார்கள்.