சேர்க்கை வாய்ப்பைக் கணித்துச் சொல்லக் கட்டணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அவளுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு உண்டு என்று மதிப்பிட்டுத் தர ஓர் ஆலோசகர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அந்தச் சதவீதத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஹார்வர்ட், எம்ஐடி ஆகியவற்றில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை; வெளிநாட்டு மாணவர்களைத் தனியே கணக்கிட்டால் எம்ஐடியில் அந்த விகிதம் இன்னும் குறைவு. மதிப்பெண்ணோடு கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், அந்த ஆண்டில் அந்த நிறுவனம் எத்தகைய மாணவர்களைத் தேடுகிறது என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகும் தேர்வில், உங்கள் மகளோடு போட்டியிடும் எவருடைய விண்ணப்பத்தையும் பார்க்காத ஒருவர் ‘22 சதவீதம்’ என்று துல்லியமாகச் சொன்னால், அந்தத் துல்லியத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிதியுதவி கேட்கும் வெளிநாட்டு மாணவரின் வாய்ப்பு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குறைந்துவிடும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி உள்ளிட்ட மிகச் சிலவே அதைப் பொருட்படுத்தாமல் தேர்ந்தெடுக்கின்றன. ஆண்டுக்கு எவ்வளவு செலவிட முடியும் என்று கேட்காமலேயே மதிப்பீடு தரும் ஆலோசகரிடம் பேச்சைத் தொடரத் தேவையில்லை.

பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தில், விண்ணப்பித்தோர், சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கையும், ‘சி7’ என்ற பகுதியில் எந்த அம்சத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதும் இருக்கும். அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் சென்னையில் உள்ளது. இவ்விரண்டையும் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால், நீங்கள் தயாரித்த பட்டியலைப் படித்து எதை நீக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று சொல்லக்கூடிய அனுபவசாலிக்கு ஓரிரு மணி நேரக் கட்டணம் கொடுப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் மகனின் கட்-ஆஃப் 178. பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கணித்துத் தர 3,000 ரூபாய் கேட்கிறார்கள். (திருச்சி வாசகர்)

பதில்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் முறையில் இரகசியம் ஏதும் இல்லை. முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த இனத்தவருக்கு எந்த மதிப்பெண்வரை இடம் கிடைத்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. அவர்கள் விற்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

அதைப் படிக்கும்போது கட்-ஆஃபைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் அதே 178 பல ஆயிரம் இடங்கள் கீழே போய்விடும். பொதுத்தேர்வே நடக்காத 2021-ஆம் ஆண்டின் விவரத்தை ஒதுக்கிவிடலாம். மகன் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் விவரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால், கணிப்பு சற்றுத் தவறினாலும் நீண்ட பட்டியல் காப்பாற்றும்.

கேள்வி: ஒரு நிறுவனம் இலவசமாகவே வாய்ப்பை மதிப்பிட்டுத் தருகிறதே? (மதுரை வாசகி)

பதில்: சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குத் தரகுத் தொகை கொடுக்கின்றன. எந்தெந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெறுகிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

கேள்வி: ‘இடம் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்கிறார்கள். அதில் நமக்கு நட்டமில்லையே? (சென்னை வாசகர்)

பதில்: பத்துப் பேரிடம் வாங்கினால், அவர்களில் மூவருக்குத் தங்கள் தகுதியாலேயே இடம் கிடைத்துவிடும். ஏழு பேருக்குத் திருப்பிக் கொடுத்த பிறகும், எதுவும் செய்யாமலேயே மூவரின் பணம் அவர்களிடம் தங்கும். அதிலும் ‘இடம்’ என்பது நீங்கள் விரும்பிய கல்லூரியா, பட்டியலின் கடைசியில் அவர்களே சேர்த்த கல்லூரியா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.